கிறிஸ்துமஸ் அன்று கதவைச் சாத்திக்கொள்ளும் லண்டன்!

வருடம் முழுக்க ஓடிக்கொண்டே இருக்கும் லண்டன் மாநகரம், ஒரே ஒரு நாள் மட்டும் ஓய்ந்து உட்கார்ந்துவிடும். அந்த நாள், டிசம்பர் 25.

அன்று சுரங்க ரயில் கிடையாது. சிவப்பு மாடி பஸ் கிடையாது. டிராம் கிடையாது. வெளியூர் ரயிலும் கிடையாது. சூப்பர் மார்க்கெட், ஷாப்பிங் மால், மியூசியம் எல்லாமே பூட்டு. முந்தைய நாள்வரை தோளோடு தோள் இடித்துக்கொண்டு நடந்த ஆக்ஸ்ஃபோர்டு தெருவில், நடுரோட்டில் நின்று நிதானமாக போட்டோ எடுக்கலாம்.

கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு லண்டன் போகிறவர்களும், அங்கே படிக்கப்போய் முதல் டிசம்பரைச் சந்திக்கும் மாணவர்களும் இதைக் கொஞ்சமும் எதிர்பார்ப்பதில்லை. சினிமாவில் பார்த்த கிறிஸ்துமஸ் லண்டன் விளக்கும் பாட்டும் கூட்டமுமாக இருக்கும். உண்மையில் அந்தக் கூட்டமெல்லாம் 24-ஆம் தேதி மாலையோடு முடிந்துபோகிறது.

சரி, குடும்பம் ஆயிரக்கணக்கான மைல் தள்ளி இருக்க, அந்த ஊரில் அந்த நாளை எப்படிக் கழிப்பது? அதற்குப் பதில் லண்டனில் வாழும் மற்ற வெளிநாட்டுக்காரர்களிடம் இருக்கிறது.

தெருவுக்கு வராத பண்டிகை

நம் ஊர்ப் பண்டிகைகள் தெருவுக்கு வருபவை. தீபாவளி என்றால் வாசலில் வெடி. பொங்கல் என்றால் வாசலில் கோலம். திருவிழா என்றால் சாமியே தெருவுக்கு வந்துவிடும். நாகர்கோவிலிலும் பாளையங்கோட்டையிலும் கிறிஸ்துமஸ்கூட அப்படித்தான். வீட்டு முகப்பில் நட்சத்திர விளக்கு, தெருத்தெருவாக கேரல் பாட்டு, அக்கம்பக்கத்து வீடுகளுக்கெல்லாம் பலகாரத் தட்டு. யாரும் யாரையும் தெரியாத புது ஆளாக இருந்தாலும், தெருவில் இறங்கினால் போதும், பண்டிகையில் கலந்துவிடலாம்.

லண்டனில் விஷயம் தலைகீழ். டிசம்பர் முழுவதும் கொண்டாட்டம் தெருவில் நடக்கும். கிறிஸ்துமஸ் நாளில் அது வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளும். அம்மா, அப்பா, பாட்டி, பேரன் பேத்திகள் ஒரே மேசையில் உட்கார்ந்து மதியச் சாப்பாடு சாப்பிடுவதுதான் அவர்களுக்கு முக்கியம்.

கடைகளை மூடிவைப்பது வெறும் வழக்கம் மட்டும் அல்ல, சட்டமும்கூட. 2004-இல் கொண்டுவரப்பட்ட சட்டத்தின்படி, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 280 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கடைகள் கிறிஸ்துமஸ் அன்று வியாபாரம் செய்யக் கூடாது. நம் கணக்கில் சுமார் 3,000 சதுர அடி. கடை ஊழியர்களும் அந்த ஒரு நாளாவது குடும்பத்தோடு இருக்கட்டும் என்பதே காரணம்.

அந்தக் காலத்தில் இப்படி இல்லை. சார்லஸ் டிக்கன்ஸ் 1843-இல் எழுதிய 'எ கிறிஸ்துமஸ் கேரல்' கதையில், கஞ்சன் ஸ்க்ரூஜ் மனம் திருந்தியதும் கிறிஸ்துமஸ் காலையிலேயே ஒரு சிறுவனை அனுப்பிக் கடையில் பெரிய வான்கோழி வாங்கச் சொல்வார். இன்றைய லண்டனில் ஸ்க்ரூஜ் திருந்துவதாக இருந்தால், முதல் நாளே திருந்தியிருக்க வேண்டும்!

இந்தச் சட்டத்தில் சின்னக் கடைகளுக்கு விலக்கு உண்டு. அதனால் கிறிஸ்துமஸ் கொண்டாடாத குடும்பங்கள் நடத்தும் தெருமுனைக் கடைகள் சில அன்றும் திறந்திருக்கும். ஈஸ்ட் ஹாம், டூட்டிங், வெம்ப்ளி போன்ற பகுதிகளில் தமிழர்கள் நடத்தும் மளிகைக் கடைகள் நிறைய. பால் தீர்ந்துபோன வெள்ளைக்காரப் பக்கத்துவீட்டுக்காரரும் அன்று இப்படிப்பட்ட கடையைத் தேடித்தான் வர வேண்டியிருக்கும்.

நாலு மணிக்கே இருட்டு

வெளிநாட்டு மாணவர்களுக்கு டிசம்பரின் கடைசி வாரம் ஏன் கடினம் என்பதற்கு இன்னொரு காரணம், வெளிச்சம். அந்த நாட்களில் லண்டனில் சூரியன் காலை எட்டு மணிக்கு மேல்தான் எழும். மாலை நாலு மணி ஆவதற்குள் மறைந்துவிடும். முழுசாக எட்டு மணி நேரப் பகல்கூட இல்லை.

செமஸ்டர் முடிந்து உள்ளூர் மாணவர்கள் எல்லாம் ஊருக்குக் கிளம்பியிருப்பார்கள். நேற்றுவரை பன்னிரண்டு பேர் சண்டை போட்டுக்கொண்ட ஹாஸ்டல் சமையலறையில் இரண்டு பேர் மட்டும் மிச்சம். நூலகம் மூடல். கேன்டீன் மூடல். டிக்கெட் விலை எகிறி இருக்கும் சமயத்தில் ஊருக்கு வந்துபோகவும் முடியாது. "பண்டிகையும் அதுவுமா தனியா இருக்கியாப்பா?" என்று அம்மா போனில் கேட்டால், "இல்லம்மா, ஃப்ரெண்ட்ஸ் இருக்காங்க" என்று பொய் சொல்லும் பிள்ளைகள் ஏராளம்.

அந்தப் பொய்யை உண்மையாக்கிக்கொள்ள வழி இருக்கிறது. 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி லண்டனில் வசிப்பவர்களில் பத்துக்கு நாலு பேர் பிரிட்டனுக்கு வெளியே பிறந்தவர்கள். அப்படியானால், கிறிஸ்துமஸ் அன்று சொந்த ஊரை நினைத்து ஏங்கும் ஆள், பெரும்பாலும் அடுத்த அறையிலேயே இருப்பார். யாராவது ஒருவர் முதலில் கதவைத் தட்ட வேண்டும், அவ்வளவுதான். அதை 15-ஆம் தேதிக்குள் செய்துவிடுவது நல்லது. யார் ஊருக்குப் போகிறார்கள், யார் இருக்கிறார்கள் என்பது அப்போதே தெரிந்துவிடும்.

ஒரே மேசை, பல கிறிஸ்துமஸ்

வெளிநாட்டு நண்பர்களோடு கிறிஸ்துமஸைக் கழிப்பதில் உள்ள பெரிய சுவாரஸ்யமே, யாருடைய கிறிஸ்துமஸும் இன்னொருவருடையதைப் போல இருக்காது என்பதுதான். இப்படி ஒரு சமையலறையைக் கற்பனை செய்துபாருங்கள். பிலிப்பைன்ஸ், மெக்ஸிகோ, ஜப்பான், எத்தியோப்பியா, போலந்து, கூடவே ஒரு திருநெல்வேலிக்காரர்.

பிலிப்பைன்ஸ்காரருக்கு செப்டம்பரிலேயே கிறிஸ்துமஸ் பாட்டு ஆரம்பித்துவிடும். டிசம்பர் 16 முதல் 24 வரை ஒன்பது நாள், விடிவதற்கு முன்பே எழுந்து தேவாலயம் போவார்கள். 16-ஆம் தேதி என்றால் நம் ஊரில் மார்கழி பிறக்கும் சமயம். இங்கே விடியற்காலையில் திருப்பாவை ஒலிக்கும் அதே நாட்களில் அங்கே விடியற்காலைப் பூசை! பூசை முடிந்து வெளியே வந்தால், மூங்கில் குழாயில் வேகவைத்த ஊதா நிற அரிசிப் பலகாரம், மேலே தேங்காய்த் துருவலும் சர்க்கரையும். அதன் பெயர் 'புட்டோ பும்போங்'. திருநெல்வேலிக்காரருக்கு அதற்கு விளக்கமே தேவைப்படாது.

மெக்ஸிகோகாரருக்கும் அதே ஒன்பது நாட்கள்தான், ஆனால் இரவில். 'போசாடா' என்று பெயர். நிறைமாத கர்ப்பிணியான மரியாளும் யோசேப்பும் தங்க இடம் தேடி அலைந்ததை நினைத்து, ஒரு கூட்டம் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டி இடம் கேட்டுப் பாடும். உள்ளே இருப்பவர்கள் "இடமில்லை" என்று பதில் பாட்டுப் பாடுவார்கள். கடைசி வீட்டில் கதவு திறக்கும். எல்லோருக்கும் சாப்பாடு கிடைக்கும்.

ஜப்பானியருக்கு டிசம்பர் 25 விடுமுறை நாளே அல்ல. அங்கே கிறிஸ்துமஸ் என்றால் ஸ்ட்ராபெர்ரி வைத்த கிரீம் கேக்கும் பொரித்த கோழியும். 1974-இல் கே.எஃப்.சி. நிறுவனம் செய்த ஒரு விளம்பரம் நாடு முழுக்கப் பிடித்துக்கொண்டது. இன்றும் வாரக்கணக்கில் முன்பதிவு செய்து வாங்குகிறார்கள்.

எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவருக்கு 25-ஆம் தேதி கிறிஸ்துமஸ் கிடையாது. அவர்கள் நாள்காட்டியில் அது ஜனவரி 7. அதற்கு முன் நாற்பது நாளுக்கும் மேலான நோன்பு. இறைச்சி, முட்டை, பால் எதையும் தொட மாட்டார்கள். அதனால் லண்டனே வான்கோழி சாப்பிடும் நாளில் அவர் தட்டில் இருப்பது காரசாரமான பருப்புக் குழம்பும், புளித்த மாவில் ஊற்றிய 'இன்ஜெரா'வும். நம் தோசைக்கு அது தூரத்துச் சொந்தம் மாதிரி இருக்கும். சைவம் சாப்பிடும் தமிழர் யாராவது அந்த மேசையில் இருந்தால், அவர் உட்கார வேண்டிய இடம் எத்தியோப்பியருக்குப் பக்கத்தில்.

போலந்துக்காரருக்கு 24-ஆம் தேதி இரவு விருந்துதான் பிரதானம். வானத்தில் முதல் நட்சத்திரம் தெரிந்த பிறகே சாப்பிட உட்காருவார்கள். பன்னிரண்டு வகை உணவு. மீன் உண்டு, இறைச்சி கிடையாது. சாப்பாட்டுக்கு முன் மெல்லிய அப்பத்தை ஆளுக்கு ஒன்றாகக் கையில் வைத்துக்கொண்டு, ஒருவர் அப்பத்தில் இன்னொருவர் ஒரு துண்டு உடைத்து எடுத்து, வாழ்த்துச் சொல்லி, பழைய மனஸ்தாபங்களுக்கு மன்னிப்பும் கேட்டுக்கொள்வார்கள். எல்லாவற்றையும்விட முக்கியம், மேசையில் ஒரு தட்டும் ஒரு நாற்காலியும் கூடுதலாக இருக்கும். அழைக்காமல் வரும் விருந்தாளிக்கு!

திருநெல்வேலிக்காரர் கொண்டுவர வேண்டியது? அச்சு முறுக்கும் முந்திரிக்கொத்தும் இருந்தால் போதும். ஊரிலிருந்து வந்த பார்சலை அறையில் ஒளித்துவைத்துத் தனியாகக் கொறிப்பதைவிட, மேசையில் வைத்தால் மதிப்பு நூறு மடங்கு.

24-க்குள் பார்த்துவிட வேண்டியவை

வெளியே சுற்றுவதை எல்லாம் 23, 24 தேதிகளுக்குள் முடித்துவிடுங்கள். பிரிட்டிஷ் மியூசியம், நேஷனல் கேலரி, இயற்கை வரலாற்று மியூசியம் மூன்றுக்கும் நுழைவு இலவசம். ஆனால் 24 முதல் 26 வரை மூன்று நாளும் மூடியிருக்கும்.

ரீஜன்ட் தெருவில் 1954 முதலும் ஆக்ஸ்ஃபோர்டு தெருவில் 1959 முதலும் கிறிஸ்துமஸ் விளக்குகள் போடப்படுகின்றன. பார்க்கக் காசு வேண்டாம். ஹைட் பார்க்கில் நடக்கும் 'வின்டர் வொண்டர்லேண்ட்' பொருட்காட்சிக்கு மட்டும் முன்பதிவு செய்துவிட்டுப் போவது நல்லது.

கட்டாயம் பார்க்க வேண்டியது டிராஃபல்கர் சதுக்கத்தில் நிற்கும் கிறிஸ்துமஸ் மரம். அது இங்கிலாந்து மரமே அல்ல, நார்வே நாட்டு மரம்! இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி நார்வேயைப் பிடித்தபோது, 1940-இல் நார்வே மன்னர் ஏழாம் ஹாக்கோனும் அவரது அரசாங்கமும் லண்டனில்தான் அடைக்கலம் புகுந்தார்கள். போர் முடிந்தபின், அந்த உதவிக்கு நன்றியாக ஆஸ்லோ நகர மக்கள் 1947 முதல் ஆண்டுதோறும் ஒரு மரத்தை அனுப்பிவருகிறார்கள். ஆஸ்லோவைச் சுற்றியுள்ள காட்டில் வெட்டி, கடல் தாண்டிக் கொண்டுவரப்படும் அந்த மரம் வழக்கமாக 20 மீட்டருக்கும் மேல் உயரம் இருக்கும். விளக்குகளும் நார்வே பாணியில், மேலிருந்து கீழாக நேர்கோட்டில்தான் தொங்கும்.

2021-இல் வந்த மரம் நோஞ்சானாக இருக்கிறது என்று லண்டன்வாசிகள் சமூக வலைதளங்களில் ஏகத்துக்கும் கிண்டல் செய்தார்கள். ஆனாலும் அடுத்த ஆண்டும் மரம் வந்தது. வீடிழந்து வந்தவருக்கு ஒரு காலத்தில் இடம் கொடுத்ததை எழுபது ஆண்டுகளுக்கு மேலாக நினைவில் வைத்திருக்கிறது ஒரு நகரம். ஊர் விட்டு ஊர் வந்தவர்கள் சேர்ந்து போய்ப் பார்க்க இதைவிடப் பொருத்தமான மரம் கிடையாது.

24-ஆம் தேதி மாலைக்குள் காய்கறி, பால், பிரெட், மாத்திரை எல்லாம் வாங்கி வைத்துவிட வேண்டும். அன்று கடைகள் சீக்கிரமே மூடிவிடும். நள்ளிரவு ஆராதனைக்குப் போக ஆசை இருந்தால், நடந்து திரும்பும் தூரத்தில் உள்ள தேவாலயமாகப் பாருங்கள். ஆராதனை முடிந்து வெளியே வரும்போது ரயிலும் இருக்காது, பஸ்ஸும் இருக்காது. 25-ஆம் தேதி விமானத்தில் வந்து இறங்குபவர்கள் டாக்ஸிக்கோ காருக்கோ முன்பே ஏற்பாடு செய்துவிட வேண்டும். அன்று டாக்ஸிக்குக் கூடுதல் கட்டணம் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

காலையில் நடை

25 காலை லண்டனைப் பார்க்க ஒரே வழி, நடராஜா சர்வீஸ். வாடகை சைக்கிள்களும் உண்டு.

ஹைட் பார்க்கில் உள்ள செர்பன்டைன் ஏரியில் காலை ஒன்பது மணிக்கு ஒரு நீச்சல் போட்டி நடக்கும். 1864 முதல் நடக்கும் பழைய வழக்கம் அது. 'பீட்டர் பேன்' கதையை எழுதிய ஜே.எம்.பேரி 1904-இல் இதற்குக் கோப்பை கொடுத்ததால், 'பீட்டர் பேன் கோப்பை' என்றே பெயர். தூரம் வெறும் 100 கெஜம்தான். ஆனால் தண்ணீர் பல்லைக் கிட்டவைக்கும் குளிர்ச்சி! அந்த நீச்சல் கிளப் உறுப்பினர்கள் மட்டும்தான் குதிக்க முடியும். நல்லவேளை! மற்றவர்கள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு கரையில் நின்று கைதட்டலாம்.

அங்கிருந்து கிரீன் பார்க் வழியாக பக்கிங்ஹாம் அரண்மனை, பிறகு செயின்ட் ஜேம்ஸ் பார்க். அந்தக் குளத்தில் நீந்தும் கூழைக்கடாக்களும் வெளிநாட்டு வம்சம்தான். 1664-இல் ரஷ்யத் தூதர் மன்னருக்குப் பரிசளித்த பறவைகளோடு தொடங்கிய வழக்கம். அங்கிருந்து டிராஃபல்கர் சதுக்கத்தில் அந்த மரத்தை ஆள் கூட்டம் இல்லாமல் இன்னொரு முறை பார்த்துவிட்டு, வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தைக் கடந்து, தேம்ஸின் தென்கரையோடு நடந்தால் டவர் பிரிட்ஜ் வந்துவிடும். மொத்தம் எட்டு, ஒன்பது கிலோமீட்டர். வாகன இரைச்சல் இல்லாததால் தேவாலய மணிச் சத்தம் தெளிவாகக் கேட்கும்.

பிளாஸ்கில் டீ, பையில் பிஸ்கட், காதை மூடும் குல்லா மூன்றும் அவசியம். வழியில் காபிக் கடையோ கழிப்பறையோ திறந்திருக்கும் என்று நம்பிக் கிளம்பாதீர்கள். திரும்பி வரவும் நடக்க வேண்டும் என்பதால், வயதானவர்களும் குழந்தைகளும் உடன் வந்தால் பாதி தூரத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

மூன்று மணிக்கு மன்னர்

மதிய விருந்து என்றதும் எல்லோரும் பெரிய வான்கோழி வாங்க ஆசைப்படுவார்கள். உறைந்த வான்கோழி ஃப்ரிட்ஜுக்குள் இளகவே இரண்டு மூன்று நாள் பிடிக்கும். ஹாஸ்டல் அடுப்புக்குள் நுழையுமா என்பது அடுத்த கவலை. பல ஊர்க்காரர்கள் சேரும் மேசைக்குக் கோழியும் பிரியாணியும் போதும். ஆளுக்கு ஒரு பண்டம் செய்தால் செலவும் குறைவு, சண்டையும் குறைவு.

ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். எந்தப் பாத்திரத்தில் என்ன இருக்கிறது என்று ஒரு துண்டுச் சீட்டு எழுதி வைத்துவிடுங்கள். மாட்டிறைச்சி, பன்றி இறைச்சி, மது, முந்திரி பாதாம் வகையறா... இவற்றில் ஏதாவது ஒன்று யாராவது ஒருவருக்கு ஆகாது. 'மின்ஸ் பை' என்ற பழப் பணியாரமும், 'கிறிஸ்துமஸ் புட்டிங்'கும் பார்க்க சைவம்போல இருக்கும். பழைய முறைப்படி செய்தவற்றில் மாட்டுக்கொழுப்பு சேர்த்திருப்பார்கள். புட்டிங்கில் பிராந்தியும் இருக்கலாம். பெட்டியில் 'வெஜிடேரியன்' என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

சாப்பாட்டுக்கு முன் 'கிராக்கர்' உடைப்பார்கள். சிவகாசி சமாச்சாரம் என்று பயப்பட வேண்டாம். மிட்டாய் மாதிரி இரு பக்கமும் முறுக்கிய காகிதக் குழல். இரண்டு பேர் இரு முனையையும் பிடித்து இழுத்தால் 'டப்' என்று பிரியும். உள்ளே ஒரு காகிதக் கிரீடம், ஒரு குட்டிப் பொருள், ஒரு கடி ஜோக். 19-ஆம் நூற்றாண்டில் டாம் ஸ்மித் என்ற லண்டன் மிட்டாய்க்காரர் கண்டுபிடித்தது இது. ஜோக்குக்கு யாரும் சிரிக்கமாட்டார்கள். ஆனால் கிரீடத்தைத் தலையில் வைத்துக்கொண்டுதான் சாப்பிட வேண்டும். அந்த ஒரு மணி நேரம் மேசையைச் சுற்றி எல்லோருமே ராஜா ராணி. (ஊருக்கு வாங்கி வர நினைத்தால், விமான நிறுவனத்திடம் கேட்டுவிட்டு வாங்குங்கள். சில நிறுவனங்கள் அனுமதிப்பதில்லை.)

மதியம் மூன்று மணிக்கு டி.வி.யில் நிஜ மன்னர் வருவார். 1932-இல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் வானொலியில் தொடங்கிய வழக்கம். அந்த முதல் உரையை எழுதிக்கொடுத்தவர், பம்பாயில் பிறந்த எழுத்தாளர் ருட்யார்ட் கிப்ளிங். 1957-இல் எலிசபெத் ராணி காலத்தில் அது தொலைக்காட்சிக்கு வந்தது. உலகின் பல மூலைகளில் இருந்தவர்களும் கேட்க வசதியான நேரம் என்றுதான் மூன்று மணியைத் தேர்ந்தெடுத்தார்களாம்.

லண்டனில் மூன்று மணி என்றால் தமிழ்நாட்டில் இரவு எட்டரை. அம்மா அப்பா சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருக்கும் நேரம். வீடியோ காலில் கூப்பிட்டுக் காகிதக் கிரீடத்தோடு நண்பர்கள் அத்தனை பேரையும் ஒரு வட்டம் காட்டிவிட்டால், அவர்களுக்கு அன்று நிம்மதியான தூக்கம்.

கூடுதலாக ஒரு தட்டு

சிலருக்கு இப்படி ஒரு நண்பர் கூட்டம் அமையாமலும் போகலாம். அவர்களுக்கும் லண்டனில் வழி உண்டு. பல தேவாலயங்களும் சமூகக் கூடங்களும் தனியாக இருப்பவர்களுக்கு அன்று பொது விருந்து வைக்கின்றன. மதம் கேட்பதில்லை. பெயர் கொடுத்துவிட்டுப் போக வேண்டும், அவ்வளவுதான். வீடற்றவர்களுக்காக 1967-இல் தொடங்கப்பட்ட 'கிரைசிஸ்' என்ற தொண்டு அமைப்பு, கிறிஸ்துமஸ் நாட்களில் லண்டனில் முகாம்கள் நடத்தி உணவும் மருத்துவமும் அளிக்கிறது. அதில் தொண்டராகச் சேர விரும்புபவர்கள் பல வாரங்களுக்கு முன்பே பதிவு செய்துவிட வேண்டும்.

26-ஆம் தேதி 'பாக்ஸிங் டே'. குத்துச்சண்டைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. வேலையாட்களுக்கும் கடைப் பையன்களுக்கும் பணமோ பொருளோ பெட்டியில் போட்டுக் கொடுத்த வழக்கத்திலிருந்து வந்த பெயர் என்பார்கள். சுருக்கமாகச் சொன்னால், அவர்கள் ஊர் தீபாவளி இனாம். அன்று சுரங்க ரயில்கள் குறைந்த அளவில் ஓடத் தொடங்கும். தள்ளுபடி விற்பனைக்காக வரிசை நிற்கும். ஊர் பழையபடி சத்தம்போட ஆரம்பித்துவிடும்.

ஆனால் வெளிநாட்டு நண்பர்களின் சமையலறையில் பண்டிகை அத்தோடு முடிவதில்லை. டிராஃபல்கர் சதுக்கத்து மரம்கூட ஜனவரி முதல் வாரம்வரை நிற்கும். பிறகு அதை வெட்டித் தூளாக்கி உரமாக்கிவிடுவார்கள். அதற்கு அடுத்து வருவது ஜனவரி 7.

நாற்பது நாளுக்கும் மேல் நோன்பிருந்த எத்தியோப்பியருக்கு அன்றுதான் கிறிஸ்துமஸ். முட்டையும் சேர்த்துக் கோழிக் குழம்பு கொதிக்கும். அன்று லண்டனில் விடுமுறை கிடையாது. ரயில் ஓடும், கடை திறந்திருக்கும், தெருவில் ஒரு விளக்குகூட அவருக்காக எரியாது. ஊரே வேலைக்குப் போகும் நாளில் பண்டிகை கொண்டாடும் அவருடைய கதவைத் தட்ட வேண்டியது இப்போது மற்றவர்கள் முறை. அதனால் அந்தக் கூடுதல் தட்டைக் கழுவி அலமாரியில் வைத்துவிட வேண்டாம்.